பிரெஞ்சு உணவகத்துக்குச் சொந்த வைன் பாட்டிலைக் கொண்டுபோகலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியட்டும். உச்சிப்புளியைத் தாண்டி அரியமான் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன பிரெஞ்சு உணவகம் புதிதாகத் திறந்திருக்கிறார்கள். ஆவணியில் உங்களுக்குத் திருமண நாள் வருகிறது, மனைவியை அங்கே அழைத்துப்போக ஆசை. பாரிஸில் இருக்கும் மச்சான் சித்திரையில் ஊருக்கு வந்தபோது இரண்டு பாட்டில் வைன் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்று சான்செர் வெள்ளை, இன்னொன்று போர்தோ சிவப்பு. இரண்டும் அன்றிலிருந்து பீரோவில் இருக்கின்றன. உணவகத்தின் மெனுவில் மது எதுவும் இல்லை. ‘வெளிநாட்டில் நம்ம பாட்டிலையே கொண்டுபோய், ஒரு சின்னக் கட்டணம் கட்டிவிட்டுக் குடிக்கலாம், இங்கேயும் கேட்டுப் பார்’ என்று மச்சான் சொல்கிறார். கேட்கலாமா, எப்படிக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

நீங்கள் கேட்டது நாகரிகம் பற்றி. ஆனால் இதற்குள் சட்டமும் இருக்கிறது. அதைவிட அவசரமாக இன்னொன்றும் இருக்கிறது: அந்த பாட்டில்களுக்குள் இருப்பது இன்னும் குடிக்கும் நிலையில் இருக்கிறதா என்பது. நான் மண்டபத்துக்காரன். புதுச்சேரியில் ஓர் ஓட்டலிலும், அப்புறம் பயணக் கப்பல்களிலும் வைன் பரிமாறுவதையே வேலையாகச் செய்தவன். வைன் பற்றிச் சொல்வதை என் கை அனுபவத்திலிருந்து சொல்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வது இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்குத் தெரிந்தே ஆக வேண்டிய அளவு. அதற்கு மேல் போனால் வக்கீலைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் சட்டம். தமிழ்நாட்டில் அடிப்படைச் சட்டமே மதுவிலக்குச் சட்டம்தான், 1937இல் வந்தது. மது விற்பதும் பரிமாறுவதும் அதிலிருந்து உரிமம் மூலம் கிடைக்கும் விலக்குகள். நட்சத்திர ஓட்டல் பார், கிளப், டாஸ்மாக் கடை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வகை உரிமம் உண்டு. உரிமம் இல்லாத ஓர் உணவகத்தில் மது விற்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, விற்காமல் இருந்தால் மட்டும் போதாது என்பது. வாடிக்கையாளர் கொண்டுவந்ததை உட்கார்ந்து குடிக்க இடம் கொடுத்தாலே அந்த இடத்தை நடத்துபவர் மேல் வழக்கு வரலாம். குடித்தவர் மேலும் வரலாம். பாட்டில் யாருடையது, காசு வாங்கினார்களா, கோப்பை மட்டும் கொடுத்தார்களா என்பதெல்லாம் அப்புறம் பேச வேண்டிய கதை.

மெனுவில் மது இல்லை என்கிறீர்கள். உரிமம் வாங்கிய எந்த முதலாளியும் அதை மெனுவில் மறைத்து வைக்க மாட்டார், அவ்வளவு செலவழித்து வாங்கியிருப்பார். அதனால் அங்கே உரிமம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் பதில் ஒன்றுதான்: கொண்டுபோக வேண்டாம். உரிமம் இருக்கும் ஓட்டலுக்குப் போனாலும் நிலைமை பெரிதாக மாறாது. தமிழ்நாட்டில் மதுவின் மொத்த வியாபாரம் 1983இல் தொடங்கிய டாஸ்மாக் கையில் இருக்கிறது. பார் நடத்துபவர்கள் வாங்கியதற்கும் விற்றதற்கும் கணக்கு வைத்திருக்க வேண்டும். சோதனைக்கு வந்த அதிகாரி கணக்கில் இல்லாத ஒரு பாட்டிலை மேசையில் பார்த்தால், ‘இது வாடிக்கையாளர் கொண்டுவந்தது’ என்று விளக்கிக்கொண்டிருக்க யாரும் விரும்புவதில்லை. நான் வேலை பார்த்த இடங்களில் புதுச்சேரியில்கூட முன்கூட்டியே மேலாளரிடம் பேசாமல் வெளி பாட்டிலை உள்ளே விட்டதில்லை.

‘தனி அறை மாதிரி ஓரமாக உட்கார்ந்தால்?’, ‘தேநீர்க் கோப்பையில் ஊற்றிக் குடித்தால்?’ என்று அடுத்து யாராவது கேட்பார்கள். இந்த யோசனையைச் சொல்பவர்கள் உணவகக்காரரின் பக்கத்திலிருந்து ஒரு நிமிடம் பார்க்க வேண்டும் என்று நிஜமாகவே விரும்புகிறேன். புதிதாகத் திறந்த உணவகம். கடன் இருக்கும். ஊர்க்காரர்கள் இன்னும் பழகியிருக்க மாட்டார்கள். ‘பிரெஞ்சு ஓட்டலாம், உள்ளே என்ன நடக்குதோ’ என்று ஏற்கெனவே நாலு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். இந்த நேரத்தில் நீங்கள் அன்போடு, சிரித்த முகத்தோடு பாட்டிலை எடுத்து வைத்துக் கேட்டால், ‘முடியாது’ என்று சொல்லி முதல் மாத வாடிக்கையாளரை இழப்பதா, ‘சரி’ என்று சொல்லிக் கடையையே பணயம் வைப்பதா என்று அவர் தவிப்பார். நேரில் கேட்டால் பலருக்கு மறுக்க வராது. நான் பரிமாறுபவனாக நின்று இந்தத் தவிப்பைப் பார்த்திருக்கிறேன். மேசைக்கு வந்த பிறகு கேட்கப்படும் சலுகையை மறுப்பது, இந்தத் தொழிலில் இருக்கும் கஷ்டமான காரியங்களில் ஒன்று. அவரால் கொடுக்க முடியாத அனுமதியை அவரிடம் கேட்காமல் இருப்பதுதான் இங்கே மரியாதை.

2023 ஏப்ரலில் அரசு விதிகளைத் திருத்தியது நினைவிருக்கலாம். மாநாட்டு அரங்கு, விளையாட்டு மைதானம், திருமண மண்டபம் என்று சிறப்பு உரிமம் பெற்று நிகழ்ச்சிகளில் மது பரிமாறலாம் என்று அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் திருமண மண்டபத்தை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதைப் பாதியில் படித்தவர்கள் ‘இப்போ எங்க வேணும்னாலும் பெர்மிட் எடுக்கலாம்’ என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேர் சாப்பிடும் மேசைக்கு அது பொருந்தாது.

உங்கள் மச்சான் சொன்னதும் பொய் இல்லை. ஊருக்கு ஊர் சட்டம் வேறு, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் சொந்த வைன் கொண்டுபோவது சாதாரணம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் மது உரிமங்கள் எண்ணிக்கையிலும் குறைவு, விலையும் அதிகம். அதனாலேயே உரிமம் எடுக்காத சின்ன உணவகங்கள் ‘உங்கள் பாட்டிலைக் கொண்டுவாருங்கள்’ என்று அழைக்கின்றன. கனடாவின் மாண்ட்ரியலில் இதற்கென்றே அனுமதி பெற்ற உணவகங்கள் இருக்கின்றன, அவற்றில் பல பிரெஞ்சுச் சமையல். வேடிக்கை என்னவென்றால், பிரான்ஸில் இந்த வழக்கம் அவ்வளவாகக் கிடையாது. அங்கே உணவகத்தின் வைன் பட்டியலும் சமையல்காரரின் தட்டு மாதிரியே அந்த வீட்டின் பெருமை. பாட்டிலோடு போனால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். கேட்டால் சில இடங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒத்துக்கொள்வார்கள்.

நீங்களோ இதைப் படிப்பவர்களோ அந்த ஊர்களுக்குப் போகும்போது உதவும் என்பதால், அங்கே எப்படி நடந்துகொள்வது என்று கொஞ்சம் சொல்கிறேன். மேசை பதிவு செய்யும்போதே தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும்: கொண்டுவரலாமா, ஒரு பாட்டிலுக்குக் கட்டணம் என்ன, எத்தனை பாட்டில் வரை. கார்க்கேஜ் என்று வாங்கும் அந்தக் கட்டணத்தைக் கார்க்கைத் திருகி எடுக்கும் கூலி என்று நினைத்துப் பலர் முகம் சுளிக்கிறார்கள். மெல்லிய கோப்பைகள், அவற்றைக் கழுவித் துடைக்கும் ஆள், உடைவது, பனிக்கட்டி வாளி, அந்த மேசையில் விற்காமல் போன ஒரு பாட்டிலின் லாபம், எல்லாம் அதில்தான் வருகிறது. உணவகத்தின் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் வைனைக் கடையில் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டு போகக் கூடாது. அது நேரடியாக அவமானப்படுத்துவது. உங்களுக்கு அர்த்தமுள்ள ஒரு பாட்டில் என்றால் அவர்களே சந்தோஷப்படுவார்கள். நாலு பேராகப் போனால் ஒரு பாட்டிலையாவது அவர்கள் பட்டியலிலிருந்தும் வாங்குங்கள். ஊற்றிக் கொடுப்பவருக்கு ஒரு வாய் ருசி பார்க்கக் கொடுத்தால் அந்த இரவு முழுவதும் உங்கள் மேசையின் மேல் அவருக்கு ஒரு கண் இருக்கும். பாட்டிலைப் பையில் ஒளித்து வைத்துப் பாதியில் எடுப்பது எந்த ஊரிலும் எடுபடாது.

சரி, இனி உங்கள் பீரோவுக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் கவலை இதுதான். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. நம் பக்கம் ராத்திரியில்கூட அறைக்குள் வெப்பம் இறங்காத மாதங்கள். பகலில் பீரோவுக்குள் 33, 35 டிகிரி என்று சாதாரணமாக இருந்திருக்கும். வைன் நிம்மதியாக இருக்க 12இலிருந்து 15 டிகிரி வேண்டும். சூட்டில் இரண்டு கெடுதல் நடக்கிறது. ஒன்று, உள்ளே மெதுவாக நடக்க வேண்டிய மாற்றங்கள் எல்லாம் வேகமாக நடந்து பழ வாசனை செத்துப்போகிறது. இன்னொன்று, திரவம் விரிந்து கார்க்கை மேலே தள்ளுகிறது. இரவில் கொஞ்சம் குளிர்ந்ததும் சுருங்கி, அந்த இடுக்கு வழியாகக் காற்றை உள்ளே இழுக்கிறது. காற்று பட்டால் வைன் கெடும்.

திறக்காமலே ஓரளவு பார்க்கலாம். பாட்டிலை மேசையில் நேராக வைத்து, கழுத்தைச் சுற்றியிருக்கும் தகட்டு உறையின் தலையில் கட்டைவிரலை அழுத்தித் தடவுங்கள். தட்டையாகவோ கொஞ்சம் உள்வாங்கியோ இருந்தால் நல்லது. நடுவில் மேடு தட்டினால் கார்க் மேலே ஏறியிருக்கிறது. அப்புறம் உறையை மெதுவாகத் திருகிப் பாருங்கள். சுலபமாகச் சுற்றினால் நல்ல அறிகுறி. சுற்றாமல் ஒட்டிக்கொண்டிருந்து, ஓரத்தில் பிசுபிசுப்போ காய்ந்த கறையோ தெரிந்தால் உள்ளிருந்து கசிந்திருக்கலாம். (சில உறைகள் தயாரிப்பிலேயே இறுக்கமாக இருக்கும், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.) அடுத்து, வைன் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். புது பாட்டிலில் அது கழுத்துக்குள் நிற்கும். தோள்பட்டை வரை இறங்கியிருந்தால் கசிவு உறுதி. வெள்ளை பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். இளம் சான்செர் வெளிறிய வைக்கோல் நிறத்தில், சிலசமயம் லேசான பச்சை ஓடி இருக்கும். தேன் நிறத்துக்கோ தேநீர் நிறத்துக்கோ போயிருந்தால் அது முடிந்துவிட்டது.

இவ்வளவு சோதனையும் தேறினாலும், திறந்து முகர்ந்து பார்க்கும் வரை யாராலும் உறுதி சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். திறந்ததும் கார்க்கின் பக்கவாட்டைப் பாருங்கள். அடியில் மட்டும் நனைந்திருந்தால் சரி. அடியிலிருந்து உச்சி வரை ஒரு கறைக்கோடு ஏறியிருந்தால் அந்த வழியாகத்தான் கசிந்திருக்கிறது. பிறகு கோப்பையில் ஒரு மடக்கு ஊற்றிச் சுழற்றி முகருங்கள். வேகவைத்த உலர்திராட்சை வாடை வந்தால் சூடு குடித்த வைன். அடிபட்டுக் கறுத்த ஆப்பிளோ வினிகரோ போல வந்தால் காற்று புகுந்தது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் அது வேறு நோய், கார்க்கிலிருந்தே வருவது. உங்கள் பீரோவும் மச்சானும் அதற்குப் பொறுப்பில்லை. இவற்றில் எதுவும் உடம்புக்கு விஷம் இல்லை, ருசிதான் போயிருக்கும். நல்ல நாளில் அதைக் கட்டாயப்படுத்திக் குடிக்க வேண்டாம்.

இன்றைக்கே இரண்டு பாட்டில்களையும் பீரோவிலிருந்து எடுத்து, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்க வைத்துவிடுங்கள். கார்க் நனைந்தபடி இருக்க வேண்டும், அதற்குத்தான் படுக்க வைப்பது. பிரிட்ஜ் கொஞ்சம் அதிகக் குளிர்தான், ஆனாலும் இரண்டு மூன்று மாதத்துக்குத் தாராளமாகத் தாங்கும். கதவுத் தட்டில் வைக்காதீர்கள், திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆடும், சூடும் படும். காரில் எங்கேயாவது கொண்டுபோனால் டிக்கியில் போட்டு வெயிலில் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். மூடிய காருக்குள் 50 டிகிரியைத் தாண்டும். சித்திரை முழுவதும் பீரோ செய்ததை அது ஒரே மதியத்தில் செய்துவிடும்.

அடுத்து, பாட்டிலைச் சாப்பாட்டிடம் கொண்டுபோவதற்குப் பதில் சாப்பாட்டைப் பாட்டிலிடம் கொண்டுவாருங்கள். இது நான் யோசித்து, மனமார சொல்லும் யோசனை. உணவகத்துக்கு நாலு நாள் முன்னால் தொலைபேசியில் பேசுங்கள். ‘அண்ணே, எங்க திருமண நாள், வீட்டிலேயே சாப்பிடலாம்னு இருக்கோம், பார்சலுக்கு எது நல்லா வரும்?’ என்று கேளுங்கள். அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை. வியாபாரமும் நடக்கிறது. சமையல்காரர் தன் சமையலை எது தாங்கும், எது தாங்காது என்று சொல்லத் துடிப்பார், அந்த மாதிரிக் கேள்வி அவர்களுக்கு அபூர்வமாகத்தான் வரும். வெண்ணெயும் வினிகரும் சேர்த்துக் கடைந்த வெள்ளைச் சாஸ் ஊற்றிய மீனைப் பார்சல் வாங்காதீர்கள். ஆறினால் கெட்டியாகும், மறுபடி சூடாக்கினால் வெண்ணெய் பிரிந்து எண்ணெயாக நிற்கும். அதை இன்னொரு நாள் அங்கேயே போய்ச் சாப்பிடுங்கள். பார்சலுக்கு ஏற்றது மார்செய் துறைமுகத்து மீன் சூப்பான புய்யாபேஸ். விலைபோகாத சின்ன மீன்களையும் முள் மீன்களையும் வைத்து மீனவர்கள் காய்ச்சியதாகச் சொல்லப்படும் சாப்பாடு. தக்காளி, பெருஞ்சீரகம், குங்குமப்பூ, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் போட்டுக் கொதிக்க வைத்து, பூண்டுச் சாந்து தடவிய ரொட்டியோடு கொடுப்பார்கள். நம் கடலின் விளமீன், பாறை மீன், நண்டு மூன்றும் அதற்கு அருமையாகப் பொருந்தும். சாற்றைத் தனியாக, மீன் துண்டுகளைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லி, வீட்டில் சாறு கொதித்த பிறகு மீனைப் போட்டு இறக்குங்கள். பழ டார்ட், கேக் எல்லாம் பயணத்தைத் தாங்கும். உருளைக்கிழங்கு வறுவல் தாங்காது.

உங்கள் சான்செர் இதற்குச் சரியான ஜோடி. பிரெஞ்சு பாட்டில்களில் பெரும்பாலும் திராட்சையின் பெயர் இருக்காது, ஊர்ப் பெயர்தான் இருக்கும். சான்செர் என்பது லுவார் ஆற்றின் மேட்டில் இருக்கும் ஊர். அங்கே வெள்ளை வைனுக்கு சோவின்யோன் பிளான் திராட்சைதான். எலுமிச்சை போன்ற புளிப்பும், அப்போதுதான் கிள்ளிய இலை வாசமும் இருக்கும், இனிப்பு இருக்காது. நண்டு, கணவாய், இறால், வாட்டிய மீன் எல்லாவற்றுக்கும் நாம் எலுமிச்சை பிழிகிறோமே, அந்த வேலையை இந்த வைன் செய்யும். 8இலிருந்து 10 டிகிரி குளிரில் குடிக்க வேண்டும். பிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்தால் போதும். அவசரத்துக்குக் குளிர்விக்க ஒரு வாளியில் பனிக்கட்டி, அது மூழ்கத் தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டு பாட்டிலை அமிழ்த்துங்கள், கால் மணி நேரத்தில் தயார். வெறும் பனிக்கட்டியில் நட்டு வைத்தால் நேரமாகும், பாட்டிலைச் சுற்றித் தண்ணீர் இருக்க வேண்டும். மீன் கட்டும் தெர்மாகோல் பெட்டியிலும் செய்யலாம், புதுப் பெட்டியாக இருக்கட்டும். பழையதின் வாடை கையிலும் லேபிளிலும் ஏறிவிடும்.

போர்தோவை அன்றைக்குத் திறக்க வேண்டாம். கபர்னே சோவின்யோனும் மெர்லோவும் கலந்த துவர்ப்பான சிவப்பு அது. அந்தத் துவர்ப்பும் காரமும் ஒன்றையொன்று கிளப்பிவிடும். மதுவே மிளகாயின் எரிச்சலைக் கூட்டும், துவர்ப்பும் சேர்ந்தால் நாக்கு வறண்டு போகும். மீனோடு குடித்தால் வாயில் ஒரு கவிச்சி தங்கும். சிவப்பு வைனில் இருக்கும் இரும்பு அதற்கு முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். எல்லாச் சிவப்பிலும் இரும்பு ஒரே அளவு இருக்காது, அதனால் சில பாட்டில்கள் மீனோடு ஒத்துப்போவதும் உண்டு. ஆனால் இந்த நாளில் சோதித்துப் பார்க்க வேண்டாம். காரம் குறைத்து, மிளகும் உப்பும் மட்டும் போட்டுச் சுட்ட ஆட்டு விலா ஒரு நாள் செய்யுங்கள், அன்றைக்கு போர்தோ. அதைக் குடிக்க அரை மணி நேரம் முன்னால் பிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். சிவப்பு வைனை ‘அறை வெப்பத்தில்’ பரிமாற வேண்டும் என்று எழுதியிருப்பது பிரெஞ்சுக் கல்வீட்டு அறையை நினைத்து, அதாவது 16, 18 டிகிரி. நம் அறையின் 32 டிகிரியில் ஊற்றினால் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும்.

எந்தத் தட்டோடு எந்த வைன் என்பதில் இப்படிப் பேசுகிறேனே தவிர, இதில் பாதி ருசிப் பழக்கம். உங்கள் மனைவிக்குப் புளிப்பு பிடிக்காமல், கம்பத்துப் பன்னீர் திராட்சையின் வாசம் பிடிக்கும் என்றால், மச்சான் அடுத்த முறை வரும்போது ஒரு மஸ்கட் வைன் கேட்டு வாங்குங்கள். பன்னீர் திராட்சையும் மஸ்கட் வகையைச் சேர்ந்ததுதான், முதல் முகர்விலேயே பழகிய வாசம் வரும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துக் குடும்பங்களும் இந்த உணவகத்துக்குப் போக ஆசைப்படுவார்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன். பிரெஞ்சுச் சமையலில் பல குழம்புகளிலும் சாஸ்களிலும் வைன் ஊற்றுவது வழக்கம். ‘கொதித்தால் மது எல்லாம் ஆவியாகிவிடும்’ என்பது முழு உண்மை இல்லை. எவ்வளவு நேரம் கொதிக்கிறது, பாத்திரம் மூடியிருக்கிறதா என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். மது வேண்டாம் என்பவர்கள் ஆர்டர் செய்வதற்கு முன்னால் சமையலறையிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். எலுமிச்சையோ வினிகரோ வைத்து அதே புளிப்பைக் கொண்டுவர நல்ல சமையல்காரருக்குத் தெரியும். கேட்பதில் கூச்சமே தேவையில்லை.

பாட்டிலை வைத்திருப்பது பற்றியும் சில வார்த்தைகள். வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவர் சுங்க வரி இல்லாமல் 2 லிட்டர் வரை மது கொண்டுவரலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர், உங்கள் மச்சான் வரம்புக்குள்தான் இருக்கிறார். வாங்கிய ரசீதை அவரிடம் கேட்டு வாங்கி, படம் எடுத்துத் தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மதுவுக்கு வயது வரம்பு 21. காரைக்கால், புதுச்சேரி பக்கம் போகும் உறவினர்களிடம் ‘அங்க விலை கம்மி, நாலு வாங்கிட்டு வா’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது வேறு ஆட்சிப் பகுதி, வேறு வரி. எல்லையைத் தாண்டி நம் பக்கம் கொண்டுவருவது வழக்குக்குரியது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சோதனைச் சாவடிகள் அதற்காகவே நிற்கின்றன. உங்கள் திருமண நாள் செப்டம்பர் 11ஐ ஒட்டி வந்தால் இன்னும் கவனம். பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள், மாவட்டம் முழுவதும் வாகனச் சோதனை கடுமையாக இருக்கும், மதுக்கடைகளையும் மூடச் சொல்வார்கள். அக்டோபர் கடைசியில் பசும்பொன் குருபூஜை சமயத்திலும் இப்படித்தான். அந்த நாட்களில் பாட்டிலை வீட்டை விட்டு வெளியே எடுக்காமல் இருப்பது நல்லது.

வெளியே போய்ச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று உங்கள் மனைவி சொன்னால், அதுவும் நியாயம்தான், வருஷத்தில் ஒரு நாள். அப்போது பாட்டில் இரண்டும் வீட்டிலேயே இருக்கட்டும். அங்கே வெண்ணெய்ச் சாஸ் மீனையே வாங்குங்கள், அதைச் சுடச்சுடத் தட்டில் சாப்பிடுவது தனி சுகம். குடிக்க, சர்க்கரை போடாத எலுமிச்சைச் சோடா கேளுங்கள். வெண்ணெயின் கொழுப்பை அறுக்க ஒரு புளிப்பும் நுரையும் வேண்டும், அது இரண்டையும் கொடுக்கும். வீட்டுக்கு வந்த பிறகு சான்செரைத் திறந்து ஆளுக்கு ஒரு கோப்பை குடிக்கலாம். கிளம்புவதற்கு முன் வீட்டில் குடித்துவிட்டு வண்டியை எடுப்பது மட்டும் கூடாது. ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம்தான் சட்டம் விடும் அளவு, சிலருக்கு ஒன்றரைக் கோப்பை வைனே அதைத் தாண்டிவிடும். பிடிபட்டால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. அதைவிட, அந்தச் சாலையில் இருட்டில் ஆடும் மாடும் படுத்திருக்கும்.

மீதி வைன் இருந்தால் அதே கார்க்கைத் திருப்பிச் செருகி, பாட்டிலை நிமிர்த்தி பிரிட்ஜில் வையுங்கள். வெள்ளை இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் போனால் கணவாய் வதக்கும்போது ஒரு கரண்டி ஊற்றிவிடுங்கள்.